ஈயமில்லாத சால்டரில் 15 வருடம் உழைக்கும் போர்டு செய்ய முடியுமா?

கிணற்றடி | சனி, காலை 7:10

வணக்கம். கோவைப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டருக்கான கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். ஒரு ஃபேஸ் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும், மொபைலில் இருந்து ஆன் ஆஃப் செய்யலாம். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், டெர்மினல் என்று பெரும்பாலும் காலுள்ள பாகங்கள். கொஞ்சம் எஸ்எம்டி, அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறிய பாகங்கள். ஆரம்பத்தில் இருந்தே 63/37 சால்டர்தான், அதாவது 63 பங்கு டின் (வெள்ளீயம்), 37 பங்கு ஈயம்.

இப்போது போர்ச்சுகலில் இருந்து ஒரு பம்பு இறக்குமதியாளர் கேட்டிருக்கிறார். பொருள் பிடித்திருக்கிறது. ஆனால் ரோஹ்ஸ் (மின்கருவிகளில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைத் தடைசெய்யும் ஐரோப்பியச் சட்டம்) ஆவணம் இல்லாமல் ஒரு பெட்டிகூட எடுக்க மாட்டேன் என்கிறார்.

மாறுவதற்குச் செலவாகும் என்பது தெரியும், அது என் தலைவலி. கேள்வி வேறு. எங்கள் போர்டு இருக்கும் இடம் தகரக் கூரை போட்ட பம்பு ரூம். சித்திரையில் பெட்டிக்குள் 60 டிகிரிக்குக் குறையாது. ஐப்பசியில் ஈரம். பெட்டிக்குள் பல்லி முட்டையிடும். வாங்கியவர் பதினைந்து வருடம் அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். ஈயமில்லாத சால்டர் ஐந்து வருடத்தில் விரிசல் விடும், விஸ்கர் என்ற கண்ணுக்குத் தெரியாத கம்பி முளைத்து ஷார்ட் ஆகும் என்று பலரும் சொல்கிறார்கள். எவ்வளவு உண்மை? வெளிநாட்டுக்கு ஒன்று, உள்ளூருக்கு ஒன்று என்று இரண்டு வகை செய்யலாமா?

ஹாட்ஏர்_அண்ணாச்சி | சனி, காலை 8:02

தம்பி, ஒரே வரியில் சொல்கிறேன். உள்ளூருக்கு 63/37ஐ விடாதீர்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்து போர்டு பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. 1985ல் வந்த ஜப்பான் டிவியின் போர்டைத் திறந்தால் சால்டர் இன்னும் கண்ணாடி மாதிரி மின்னும். 2006க்கு அப்புறம் வந்ததைத் திறந்தால் சாம்பல் பூத்துக் கிடக்கும். எக்ஸ்பாக்ஸ் 360ஐ நினைத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்து வரிசையாகச் செத்தன. 2007ல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்கென்று நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதே சமயத்தில் வந்த லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப் கொத்துக்கொத்தாகப் போனது. எல்லாம் ஈயத்தை எடுத்த கையோடு நடந்தவை. இது சுற்றுச்சூழல் சட்டம் என்று நான் நம்பவில்லை. பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்க வைக்கும் சட்டம்.

அரைக்கடத்தி | சனி, காலை 9:35

அண்ணாச்சி, உங்கள் கை அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு உதாரணமும் உங்கள் பக்கம் நிற்பவை அல்ல. பழுதான சிப்பை அறுத்து உள்ளே பார்ப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் லேப்டாப். 2008 ஜூலையில் என்விடியா 19 கோடியே 60 லட்சம் டாலரை அந்தப் பழுதுக்காக ஒதுக்கியது. உடைந்தது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள சால்டர் பந்துகள் அல்ல. சிப்புக்கு உள்ளே, சிலிக்கான் துண்டுக்கும் அது உட்காரும் தட்டுக்கும் நடுவில் இருந்த மிகச் சிறிய சால்டர் குமிழ்கள். அந்தக் குமிழ்களில் இருந்தது ஈயம், அதுவும் மிக அதிக அளவில்! நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ஈயம் உள்ள, அதிக வெப்பத்தில் உருகும் சால்டருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. குமிழ்களைச் சுற்றி நிரப்பிய பிசின் சூட்டில் இளகி, தாங்க வேண்டிய இழுவிசையைத் தாங்காமல் விட்டது. பாரம் முழுக்கக் குமிழ்கள்மேல் விழுந்தது. ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடைசியில் விரிசல்.

எக்ஸ்பாக்ஸும் கிட்டத்தட்ட அதே கதை. உடைந்தது சிப்புக்குள் இருந்த இணைப்புகள், காரணம் சூடேறி ஆறும் சுழற்சி என்று மைக்ரோசாஃப்ட் தரப்பே 2021ல் சொன்னது. ஹாட் ஏர் கருவியால் சூடான காற்று அடித்தால் இரண்டு மாதம் ஓடி மறுபடி போவதற்கும் இதுதான் காரணம். நீங்கள் சரிசெய்ததாக நினைத்தது போர்டின் பந்துகளை. உண்மையில் சிப்புக்குள் இருந்த விரிசல் சூட்டில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது.

1985 டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மேசைக்கு வந்தவை தப்பிப் பிழைத்தவை. அந்தக் காலத்தில் டிரை சால்டர் ஆகி, அதாவது சால்டர் இணைப்பு விட்டுப்போய், தலையில் தட்டினால்தான் படம் வரும் என்றிருந்த டிவிகளை மறந்துவிட்டீர்களா?

ஹாட்ஏர்_அண்ணாச்சி | சனி, காலை 10:11

தட்டியதும் படம் வந்தது அல்லவா! இப்போது தட்டினால் டிஸ்ப்ளே உடையும்.

சரி, சிப் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விஸ்கர்? அதற்கு என்ன பதில்?

சுற்றுப்பாதை | சனி, பிற்பகல் 2:48

விஸ்கருக்கு நான் வருகிறேன். பாதுகாப்புத் துறைக்குப் போர்டு செய்யும் இடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன்.

தூய டின் பூசிய பரப்பில் இருந்து, யாரும் தொடாமலே, மெல்லிய டின் இழைகள் வளரும். தடிமன் சில மைக்ரான், தலைமுடியைவிட மிக மெல்லியது. நீளம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டலாம். பூச்சுக்குள் இருக்கும் அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. சில மாதத்தில் முளைக்கலாம், பல வருடம் ஒன்றும் இல்லாமல் இருந்து திடீரென்று முளைக்கலாம். எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாததுதான் எங்கள் துறையில் தூக்கத்தைக் கெடுப்பது.

புதிய நோய் அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரேடியோக்களில் கேட்மியம் பூசிய மின்தேக்கித் தகடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கேட்மியத்தை விட்டு டின்னுக்கு மாறினால் அதிலும் முளைத்தது. டின்னோடு கொஞ்சம் ஈயம் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்பதை 1950களில் பெல் ஆய்வகத்தில் கண்டார்கள். அப்புறம் ஐம்பது வருடம் ஏறக்குறைய எல்லோரும் அதை மறந்தே போனார்கள்.

மறக்காமல் இருந்திருக்கலாம் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1986ல் அமெரிக்காவில் ஒரு வகை பேஸ்மேக்கர் இதனால் திரும்பப் பெறப்பட்டது. 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோளின் கட்டுப்பாட்டுக் கணினி செத்தது, அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் ஊமையாயின. 2005 ஏப்ரலில் கனெக்டிகட்டில் உள்ள மில்ஸ்டோன் அணுமின் நிலையத்தில் ஒரு கார்டில் வளர்ந்த விஸ்கரால் உலை தானாக நின்றது. தேதிகளைக் கவனியுங்கள். மூன்றுமே ரோஹ்ஸ் நடைமுறைக்கு வந்த 2006 ஜூலைக்கு முன்னால் நடந்தவை. ஈயத்துக்குத் தடை இல்லாத காலத்திலேயே யாரோ ஒருவர் மலிவென்றோ பளபளப்பென்றோ தூய டின் பூச்சைத் தேர்ந்தெடுத்ததால் வந்தவை.

இப்போது கிணற்றடி நண்பருக்கு முக்கியமான விஷயம். விஸ்கர் பெரும்பாலும் வருவது சால்டரில் இருந்து அல்ல, பாகங்களின் கால்களில் உள்ள பூச்சில் இருந்து. உங்கள் ரிலேவின் கால், டெர்மினல், ஐசியின் கால் எல்லாம் 2006க்குப் பிறகு ஏறக்குறைய உலகம் முழுக்கத் தூய டின் பூச்சுக்கு மாறிவிட்டன. நீங்கள் 63/37 வைத்துப் பற்றவைத்தாலும், சால்டர் ஏறிய கீழ்ப்பகுதியில் மட்டும்தான் ஈயம் கலக்கும். அதற்கு மேலே உள்ள கால் தூய டின்னாகவே நிற்கும். ஆக, உள்ளூருக்கு ஈயச் சால்டர் போட்டுவிட்டால் விஸ்கரில் இருந்து தப்பித்தோம் என்பது நடக்காது. எங்கள் இடத்தில் இதற்காகவே ஒவ்வொரு ஐசியின் காலையும் உடல்வரை உருகிய ஈயச் சால்டரில் முக்கி எடுப்போம். ஒரு ஸ்டார்ட்டர் போர்டுக்கு அதைச் செய்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கிணற்றடி | சனி, மாலை 4:20

இது எனக்குப் புதிய செய்தி. அப்படியென்றால் இத்தனை வருடமாக நான் அனுப்பிய எல்லாவற்றிலும் தூய டின் கால்கள்தானா? விஸ்கர் என்று ஒரு புகாரும் வந்ததில்லையே.

சுற்றுப்பாதை | சனி, மாலை 4:41

வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மின்னோட்டம் கொஞ்சம் அதிகமாகப் பாய்ந்தால் விஸ்கர் எரிந்து போய்விடும், தடயம் இருக்காது. 230, 415 வோல்ட் பக்கத்தில் கால்களுக்கு இடையே பல மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், அங்கே கவலை குறைவு. கவலைப்பட வேண்டியது மைக்ரோகண்ட்ரோலரின் நெருக்கமான கால்கள்.

செய்யக்கூடியவை: பாகம் வாங்கும்போது செம்புக்கும் டின்னுக்கும் நடுவில் நிக்கல் அடுக்கு உள்ளதா என்று தகவல் தாளில் பாருங்கள். பளபளப்பான டின்னைத் தவிர்த்து மங்கலான டின்னை எடுங்கள். நிக்கல்-பல்லேடியம்-தங்கப் பூச்சுள்ள ஐசி கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் டின்னே இல்லை. போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள். 50 மைக்ரான் யூரித்தேன் பூச்சு விஸ்கரை வெளியே வரவிடாமல் பல வருடம் அடக்கி வைத்ததை நாசா சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஐப்பசி ஈரத்துக்கும் பல்லிக்கும் எப்படியும் அந்தப் பூச்சு உங்களுக்குத் தேவை.

குப்பைமேடு | சனி, இரவு 8:15

இதுவரை யாரும் போர்டு செத்த பிறகு என்ன ஆகிறது என்று பேசவில்லை.

நான் மின்கழிவு பிரிக்கும் இடங்களில் உள்ள குழந்தைகளின் உடல்நலம் தொடர்பான வேலையில் இருக்கிறேன். டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் போர்டில் இருந்து பாகத்தைக் கழற்றுவது எப்படி என்று தெரியுமா? அடுப்பின்மேல் வைத்துச் சூடாக்கி, சால்டர் இளகியதும் தரையில் தட்டுவார்கள். உதிரும் சால்டர் துணுக்குகளும் சாம்பலும் தரையில், உடையில், கையில். அதே அறையில்தான் சமையல். சீனாவின் குய்யூ ஊர் இதற்குப் பெயர்போனது. 2007ல் வெளியான ஆய்வில் அங்கே உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம். மின்கழிவு வேலை நடக்காத பக்கத்து ஊரில் 9.9. இதற்குக் கீழே போனால் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லை. குழந்தையின் மூளையில் போனது போனதுதான்.

பதினைந்து வருடம் உழைக்கும் போர்டு நல்லதுதான், மகிழ்ச்சி. பதினாறாம் வருடம் அது யார் கைக்குப் போகிறது?

ஹாட்ஏர்_அண்ணாச்சி | சனி, இரவு 8:52

அம்மா, நீங்கள் சொல்வது மனசைக் கஷ்டப்படுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல், அதில் பாதிக்கு மேல் ஈயம். இவருடைய போர்டில் இருப்பது சில கிராம். உலகத்தில் பயன்படுத்தும் ஈயத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் பேட்டரிக்குப் போகிறது. சால்டருக்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. பேட்டரியை விட்டுவிட்டுச் சால்டரைப் பிடித்தது என்ன நியாயம்? கூரையில் மாட்டும் சோலார் பேனலுக்குக்கூட ஐரோப்பாவில் விலக்கு இருக்கிறதாமே.

குப்பைமேடு | சனி, இரவு 9:30

பேட்டரி நல்லது என்று நான் சொல்லவே இல்லை. செனகலில் டக்கார் பக்கத்துத் தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் பழைய பேட்டரி உடைத்த மண்ணால் 2007 நவம்பர் தொடங்கி 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதை மறக்க முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய பேட்டரியை யாரும் குப்பையில் போடுவதில்லை, எடைக்குப் போட்டால் காசு. திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியை ஒழுங்குபடுத்தினால் போதும். போர்டில் உள்ள நாலு கிராம் சால்டரை யாரும் தனியாக எடுத்து விற்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கமும் செம்பும். ஈயம் வழியில் சிந்துவது. திரும்ப எடுக்க ஆளில்லாத பொருளை முதலிலேயே போடாதே என்று சட்டம் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

சரியான ஆலைக்குப் போனாலும் பிரச்சினை முழுதாகத் தீராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் ஹோபோகனில் உலகத்தரமான உலோக மீட்பு ஆலை இருக்கிறது. 2020ல் அதன் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது தெரிந்து, பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று நிறுவனமே முன்வந்தது. அங்கேயே அப்படியென்றால் சீலம்பூர் சந்தை எந்த மூலைக்கு?

அரைக்கடத்தி | சனி, இரவு 10:05

குப்பைமேடு சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு குறிப்பு மட்டும். 2005ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சால்டர்களைச் சுரங்கம் முதல் குப்பை வரை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. மனிதருக்கு வரும் நச்சுக் கேட்டில் ஈயச் சால்டர்தான் மோசம். ஆனால் வெள்ளி கலந்த ஈயமில்லாத சால்டர் ஆற்றல் செலவிலும் வேறு சில கணக்குகளிலும் ஈயத்தைவிட மோசமாக வந்தது. வெள்ளி தோண்டுவது சும்மா இல்லை. எனவே ஈயத்தை எடுத்தால் எல்லாம் பசுமை என்றும் சொல்ல முடியாது.

மூணுஃபேஸ் | சனி, இரவு 11:40

எல்லாம் கார்ப்பரேட் சதி. ரோஹ்ஸ் எழுதியவர்கள் ஒரு நாளாவது சால்டரிங் அயர்ன் பிடித்திருப்பார்களா? சுற்றுச்சூழல் பேசும் அம்மாக்களுக்குச் சால்டர் என்றால் என்னவென்று

நெறியாளர் | ஞாயிறு, காலை 6:30

மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. கருத்தோடு சண்டை போடுங்கள், ஆளோடு வேண்டாம்.

ரைன்கரை | ஞாயிறு, பிற்பகல் 1:15

ஜெர்மனியில் பொருள் இணக்கப் பிரிவில் வேலை. சட்டம் பற்றிச் சில அரைகுறைத் தகவல்கள் சுற்றுவதால் எழுதுகிறேன்.

தடை ஈயத்துக்கு மட்டும் அல்ல. ஈயம், பாதரசம், கேட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், இரண்டு வகை புரோமின் தீத்தடுப்பிகள், 2019ல் இருந்து நான்கு தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்ப்பவை). எல்லை எடையில் 0.1 சதவீதம், கேட்மியத்துக்கு மட்டும் 0.01. இது முழுப் போர்டின் எடையில் அல்ல. பிரிக்க முடியாத ஒவ்வொரு தனிப்பொருளிலும். ஒரு சால்டர் புள்ளி, ஒரு வயரின் மேலுறை, ஒரு பூச்சு, தனித்தனியாக. ஆக, கிணற்றடி நண்பர் சால்டரை மட்டும் மாற்றினால் போதாது. வயரின் பிவிசி உறை, பழைய மஞ்சள் குரோமேட் பூசிய திருகு, கேட்மியம் கலந்த ரிலே காண்டாக்ட், எல்லாவற்றுக்கும் சப்ளையரிடம் காகிதம் வேண்டும். 2001ல் நெதர்லாந்தில் சோனியின் 13 லட்சம் பிளேஸ்டேஷன்கள் தடுத்து நிறுத்தப்பட்டதற்குக் காரணமே கேபிளில் இருந்த கேட்மியம்தான். ரோஹ்ஸுக்கு முன்பே, ஒரு நாட்டின் தனிச் சட்டத்தால். பெரிய நிறுவனங்கள் இந்த விஷயத்தில் பயந்து நடப்பது அந்தச் சம்பவத்தில் இருந்துதான்.

அண்ணாச்சி கேட்ட விலக்குகள். ராணுவம், விண்வெளி, உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் போன்றவை, வல்லுநர்கள் நிலையாகப் பொருத்தும் சோலார் பேனல், நிலையாக அமைக்கும் பெரிய தொழிற்சாலை இயந்திரங்கள், இவையெல்லாம் வெளியே. மருத்துவக் கருவிகள் 2014 வரை வெளியே இருந்து அப்புறம் உள்ளே வந்தன. சர்வர், நெட்வொர்க் கருவிகளின் சால்டருக்கு 2016 வரை தனி விலக்கு இருந்தது. 2019 ஜூலை 22க்குப் பிறகு, பட்டியலில் விலக்காத எல்லா மின்கருவியும் உள்ளேதான். ஸ்டார்ட்டர் கண்ட்ரோலருக்குத் தப்பிக்க வழி இல்லை.

பழுதுபார்ப்போருக்கு ஒரு நல்ல செய்தி. 2006 ஜூலை 1க்கு முன் சந்தைக்கு வந்த கருவிக்கு ஈயமுள்ள உதிரிபாகம் போடலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பழைய கருவியை வாழவிடக் கூடாது என்பது சட்டத்தின் நோக்கம் இல்லை.

இந்தியாவைப் பொறுத்தவரை 2011ல் கொண்டுவந்த மின்கழிவு விதிகளிலேயே இதே எல்லைகள் எழுதப்பட்டு 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. இப்போது இருப்பது 2022ன் விதிகள், 2023 ஏப்ரலில் இருந்து அமலில். குறுந்தொழில்களுக்கு விலக்கு உண்டு. உள்ளூருக்கு வேறு வகை செய்வது என்று முடிவெடுக்கும் முன், பட்டறையின் பதிவும் பொருளும் எந்த வகையில் வருகின்றன என்று ஒரு முறை தணிக்கையாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.

நிலா_அயர்ன் | ஞாயிறு, பிற்பகல் 3:02

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பொழுதுபோக்குக்காக வீட்டில் சால்டர் செய்பவள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. 60/40 (60 டின், 40 ஈயம்) சால்டர் புகையில் ஈயம் இருக்குமா? இந்த இழையைப் படித்ததில் இருந்து அயர்னை எடுக்கவே பயமாக இருக்கிறது.

குப்பைமேடு | ஞாயிறு, பிற்பகல் 3:40

புகையில் ஈயம் என்பது பெரிய கவலை இல்லைம்மா. ஈயம் கொதிப்பது 1749 டிகிரியில், உங்கள் அயர்ன் 350. வருகிற புகை ஃப்ளக்ஸில் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள ரோசின் என்ற மரப்பிசின். அது ஆஸ்துமாவைத் தூண்டும், ஈயமில்லாத சால்டரிலும் அதே புகைதான், ஜன்னலைத் திறந்து ஒரு ஃபேனை வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாக. கையை நன்றாகக் கழுவும்வரை குழந்தையைத் தூக்காதீர்கள், எதையும் சாப்பிடாதீர்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நானாக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஈயமில்லாததே வாங்குவேன். கொஞ்சம் பிடிவாதமான சால்டர், நல்ல ஃப்ளக்ஸ் இருந்தால் பழகிவிடும்.

அரைக்கடத்தி | ஞாயிறு, மாலை 6:25

மூலக் கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை: ஈயமில்லாத சால்டர் பம்பு ரூமில் பதினைந்து வருடம் நிற்குமா?

63/37 உருகுவது 183 டிகிரியில். பரவலாகப் பயன்படும் சாக் 305, அதாவது 96.5 டின், 3 வெள்ளி, 0.5 செம்பு, 217ல் இளகத் தொடங்கும். அது கெட்டியான கலவை, எளிதில் வளைந்துகொடுக்காது. அதன் நல்லதும் கெட்டதும் இதில் இருந்துதான் வருகின்றன. கீழே விழுந்தால், பலமாக அதிர்ந்தால், சாக் சீக்கிரம் உடையும். சால்டர் தாங்கினாலும் அதன் அடியில் போர்டின் பிசினே பிளக்கும். சூட்டுச் சுழற்சி கடுமையாக இருந்து, பெரிய செராமிக் பாகங்களும் இருந்தால் ஈயச் சால்டர் மேல். சுழற்சி மிதமாக இருந்தால் பெரும்பாலான சோதனைகளில் சாக் ஈயத்துக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறது. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

பம்பு ரூமில் ஒரு நாளைக்கு இரண்டு சுழற்சி, 25ல் இருந்து 60 டிகிரி என்று வைத்தால் பதினைந்து வருடத்தில் சுமார் 11,000 மிதமான சுழற்சிகள். காலுள்ள பாகங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 2512 என்ற அளவில் வரும் பெரிய எஸ்எம்டி ரெசிஸ்டர் இருந்தால் மட்டும் அதைச் சிறிய இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

உங்கள் போர்டை முதலில் கொல்லப்போவது சால்டர் அல்ல, எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். கணக்கு சுலபம்: பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய மலிவான கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம். இடைவிடாமல் மின்சாரம் இருந்தால் நாலு வருடம்கூட இல்லை. அதே அளவில் 10,000 மணி நேர வகை கிடைக்கிறது. அதைப் போட்டால் 1,60,000 மணி நேரம், பதினெட்டு வருடம். விலை வித்தியாசம் ஒன்றுக்குச் சில ரூபாய். இங்கே இரண்டு நாளாகச் சால்டருக்கு அடித்துக்கொள்கிறோம், ஆனால் சந்தையில் சாகும் போர்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சில ரூபாயில்தான் சாகின்றன. 2000களின் தொடக்கத்தில் உப்பி வெடித்த கெப்பாசிட்டர்களால் எத்தனை மதர்போர்டு போயின என்பது அண்ணாச்சிக்கு நன்றாகவே தெரியும். அதற்கும் ஈயத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஹாட்ஏர்_அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 7:50

கெப்பாசிட்டர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. என் கடையின் வாடகையைப் பல வருடம் கட்டியது அந்தக் கெப்பாசிட்டர்தான்.

ஆனாலும் என் பக்கத்தில் ஒரு நியாயம் மிச்சம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. பழுதுபார்ப்பு. ஈயமில்லாத போர்டில் கனமான செம்பு இருந்தால் டெர்மினலைக் கழற்றவே உயிர் போகும். சூடு அதிகம் கொடுத்தால் பேட் (பாகம் பற்றவைக்கும் செம்புத் திட்டு) உரிந்து வரும். கிராமத்தில் மோட்டார் காயில் கட்டுபவரிடம் இருப்பது 25 வாட் அயர்னும் உள்ளூர்ச் சால்டரும். போர்டில் எந்தக் கலவை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பதினைந்து வருடம் உழைக்க வேண்டும் என்றால் நடுவில் ரிலே ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். அதைச் செய்ய விடாத போர்டு எப்படி நீண்ட நாள் உழைக்கும்?

அரைக்கடத்தி | ஞாயிறு, இரவு 8:20

இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பிஸ்மத் கலந்த, 138 டிகிரியில் உருகும் சால்டர் சில லேப்டாப்களில் வருகிறது. லெனோவோ 2017லேயே குறைந்த வெப்பச் சால்டருக்கு மாறுவதாக அறிவித்தது. பிஸ்மத் இணைப்பின்மேல் 63/37 வைத்தால் டின், ஈயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்து 96 டிகிரியிலேயே உருகும் கலவை உள்ளே உருவாகும். லேப்டாப்பில் சிப் பக்கத்தில் 90 டிகிரி சாதாரணம். சாக் போர்டில் 63/37 தொட்டால் அவ்வளவு ஆபத்தில்லை, வேலை நடக்கும். பிஸ்மத்தில் தொடவே கூடாது.

ஹாட்ஏர்_அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 8:31

இது தெரியாமல் எத்தனை பேர் செய்துகொண்டிருப்பார்கள்! என்ன சால்டர் என்று போர்டிலேயே அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

ரைன்கரை | ஞாயிறு, இரவு 9:05

அச்சடிக்க முறையே இருக்கிறது. சிறிய வட்டத்துக்குள் ஆங்கில எழுத்தில் இ1 என்றால் டின்-வெள்ளி-செம்பு, இ2 என்றால் பிஸ்மத்தும் துத்தநாகமும் இல்லாத வேறு டின் கலவை, இ6 என்றால் பிஸ்மத் உண்டு. கட்டாயம் இல்லை என்பதால் பலர் போடுவதில்லை. ரோஹ்ஸ் சட்டம் என்ன இருக்கக் கூடாது என்று மட்டும் கேட்கிறது, என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வதில்லை. திருத்த வேண்டும் என்றால் அங்கேதான் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

கிணற்றடி | திங்கள், காலை 6:45

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியோடு உட்கார்ந்து முடிவுசெய்தோம்.

இரண்டு வகை செய்யப் போவதில்லை. ஒரே பட்டறையில் இரண்டு சால்டர் வைத்தால் ஒரு நாள் யாராவது மாற்றி எடுப்பார்கள், 0.1 சதவீதம் அன்றைக்கே தாண்டிவிடும். எல்லாவற்றையும் ஈயமில்லாததற்கு மாற்றுகிறோம். வெள்ளி இல்லாத டின்-செம்பு-நிக்கல் வகையைப் பார்க்கிறோம், 227 டிகிரி. கெப்பாசிட்டர் 10,000 மணி நேர வகை. யூரித்தேன் பூச்சு. ரிலேவுக்கு மட்டும் பூச்சு போடாமல் சாக்கெட் வைத்துவிடுகிறோம். ஊரில் யாரும் அயர்ன் இல்லாமலே மாற்றலாம். போர்டில் இ2 அச்சிடுவோம், மூடியின் உட்புறம் சர்க்யூட் படமும் ஒட்டுவோம்.

டிப் சால்டரிங் தொட்டி இப்போது இருப்பது சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதையே சுத்தம் செய்து பயன்படுத்தலாமா?

சுற்றுப்பாதை | திங்கள், காலை 7:20

வேண்டாம். டின் அதிகமான சால்டர் அந்தச் சூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும், தொட்டி ஓட்டையாகும். எவ்வளவு சுரண்டினாலும் பழைய ஈயம் மூலைகளில் நிற்கும். டைட்டானியம் தொட்டி வாங்குங்கள், இல்லை உட்பூச்சு உள்ள வார்ப்பிரும்பு. வாரம் ஒரு முறை தொட்டியில் செம்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பாருங்கள், ஈயமில்லாத சால்டர் போர்டின் செம்பையும் கரைத்துக்கொண்டே இருக்கும்.

ஹாட்ஏர்_அண்ணாச்சி | திங்கள், காலை 10:12

சாக்கெட் நல்ல யோசனை. ஆனால் மலிவான சாக்கெட் வாங்காதீர்கள், பம்பு ரூம் அதிர்வில் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். பழைய ஈயத் தொட்டியைக் காயலான் கடையில் போடாமல் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

குப்பைமேடு | திங்கள், காலை 10:30

அண்ணாச்சி, எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.